ஏரிக்கரைக்குக் கீழே போகும் சாலை: அடித்தளத்து நீரை எந்த வழியில் வெளியேற்றுவது?

குடியாத்தம் வட்டாரத்தில், ஏரிக்கரைக்கும் நஞ்சை நிலத்துக்கும் நடுவே போகும் 800 மீட்டர் நீள ஊராட்சிச் சாலை ஒன்றைத் தை மாதத்தில் பார்க்கப் போயிருந்தேன். பத்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை தார் போட்டும் அந்தச் சாலை நிற்கவில்லை. அடுத்த கிராம சபையில் என்ன கேட்பது என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன. கனமாக இன்னொரு முறை தார் போட்டால் போதும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். இனிமேல் சிமெண்ட் சாலைதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்தே இந்த மாவட்டத்துச் சாலைப் பணிகளில் மேற்பார்வையாளனாக இருந்தவன் என்பதால் என் கருத்தையும் கேட்டார்கள். தாரா, சிமெண்டா என்ற கேள்விக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது என்பதே என் பதில். சாலைக்கு அடியில் சேரும் தண்ணீர் எங்கே போய் வெளியேறும் என்பதுதான் அது. அதைத் தீர்க்காமல் போடும் எந்தச் சாலையும் அந்த இடத்தில் நிற்காது.

அன்று சாலையின் ஓரத்தில், தார் முடிந்து பெர்ம் என்னும் சாலையோர மண் விளிம்பு தொடங்கும் இடத்தில், இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுக்கச் சொன்னேன். மேலே மூன்று தார் அடுக்குகள், ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே தெரிந்தன. அதற்குக் கீழே செம்மண் கிராவல் போட்டு இறுக்கிய ஜல்லி ஆறு அங்குலம். அதற்கும் கீழே கருத்த களிமண். வெளியே பெர்ம் மண் புழுதியாக இருந்தது. ஆனால் ஜல்லி அடுக்கின் வெட்டுமுகத்திலிருந்து தண்ணீர் துளித்துளியாக வடிந்தது. ஒரு மணி நேரத்தில் குழியின் அடியில் நான்கு விரல் உயரம் தண்ணீர் தேங்கிவிட்டது. ஜல்லிக்கு இடையில் இருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினால் வெண்ணெயைப் போல உள்ளே போனது. மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அருகில் நின்றிருந்த விவசாயி ஒருவர், "ஏரி ரொம்பினா ரோட்டுக்கு அடியில தண்ணி ஊறிக்கினே இருக்கும் சார். கரும்பு டிராக்டர் போனா வெடிப்புல சேறு பொங்கி மேல வரும்" என்றார். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியை அவர் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

வெடிப்பில் சேறு பொங்குவது ஏன் என்று புரிந்துகொண்டால் மாற்றுவழிகளை எடைபோடுவது எளிது. ஜல்லி அடுக்கின் பலம் முழுவதும், கல்லும் கல்லும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும் உராய்வில் இருக்கிறது. இடைவெளிகளில் காற்று இருக்கும்வரை சக்கரத்தின் சுமை கல்லிலிருந்து கல்லுக்கு இறங்கிப் பரவுகிறது. இடைவெளி முழுவதும் தண்ணீராக இருந்தால், சக்கரம் ஏறும் அந்த நொடியில் சுமையைத் தண்ணீர் தாங்குகிறது; ஓடிப்போக வழியில்லாத தண்ணீர் கற்களைத் தள்ளி விலக்குகிறது; வழி கிடைக்கும் வெடிப்பில் மண்ணையும் சேர்த்துக்கொண்டு பீய்ச்சி வெளியேறுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கைப்பிடி மண் இப்படி வெளியேறினால், ஒரு கரும்பு வெட்டுக் காலத்துக்குள் தாருக்கு அடியில் பொந்து விழுந்துவிடும். ஈரத்தில் கிடக்கும் ஜல்லியிலிருந்து தார் உரிந்து வருவது இதற்கு மேல் வரும் சேதம்.

சாலையைத் தாங்குவது உண்மையில் இயற்கை மண்தான், அதை உலர்வாக வைத்திருக்கும்வரை எந்தச் சுமையையும் அது தாங்கும் என்று ஜல்லிச் சாலை முறையை வகுத்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் மெக்காடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகரை ஒட்டி 1958 முதல் 1960 வரை ஆஷோ என்னும் அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் நடத்திய சாலைச் சோதனையில், அடித்தளம் ஈரமாக இருந்த பருவத்தில் சாலைகள் மிக வேகமாகக் கெட்டன. அங்கே உறைபனி உருகுவதால் ஈரம் வந்தது. இங்கே ஏரி நிரம்புவதால் வருகிறது. வந்த பிறகு நடப்பது ஒன்றே. பின்னாளில் ஆஷ்டோ என்று பெயர் மாறிய அதே சங்கம், அந்தச் சோதனையின் வழியில் 1993-இல் வெளியிட்ட வடிவமைப்பு முறை, ஜல்லி அடுக்குகளின் கனத்தை அவற்றின் வடிகால் தரத்தைப் பொறுத்து ஓர் எண்ணால் பெருக்கச் சொல்கிறது. ஆண்டில் கால் பங்குக்கு மேற்பட்ட காலம் ஈரத்தில் ஊறும் அடுக்கு ஒரே நாளில் வடியுமானால் அந்த எண் 1.00, வடியவே வடியாதென்றால் 0.40. அதாவது 200 மில்லிமீட்டர் ஜல்லிக்குப் பணம் கொடுத்துவிட்டு 80 மில்லிமீட்டர் ஜல்லியின் பலனைத்தான் பெறுகிறோம். வேலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. நல்ல ஆண்டில் கார்த்திகையில் நிரம்பும் ஏரி மாசி வரை கரையை நனைத்துக்கொண்டு நிற்கிறது. அதுவே கால் பங்கு ஆண்டுக்கு மேல் ஆகிவிடும்.

இந்தச் சாலைக்கு நான்கு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. தார் வெடிப்பு வழியாக மழை நீர் இறங்குகிறது. சாலையைவிட உயர்ந்துபோன பெர்மில் தேங்கும் நீர் ஓரமாக நுழைகிறது. கரையின் அடியில் ஏரிக் கசிவு ஊறி வருகிறது. மறுபக்கத்து நெல் வயலில் நிற்கும் நீர், களிமண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. ஊருக்குள் இருக்கும் பகுதியில் குடிநீர்க் குழாய்க் கசிவும் உண்டு. மழையை மட்டும் மனத்தில் வைத்துப் போடும் திட்டம் இங்கே தோற்பதற்கு இதுதான் காரணம்.

இனி மாற்றுவழிகளைப் பார்க்கலாம்.

மறுபடியும் தார் போடுவது என்பதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. குழியில் தெரிந்த மூன்று அடுக்குகளுக்கு மேல் நான்காவது அடுக்கு வரும். அடியில் இருக்கும் தண்ணீர் அப்படியே இருக்கும். செலவு குறைவு என்று தோன்றினாலும், மூன்று முறை செலவழித்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தோற்றம் மறைந்துவிடும். இதை நான் ஒரு மாற்றுவழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

சாலையை உயர்த்துவது நேர்மையான வழி. அடிமண்ணின் கீழ்மட்டம், நிலத்தடி நீர்மட்டத்துக்கோ வெள்ள மட்டத்துக்கோ குறைந்தது 0.6 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதிகளில் நெடுங்காலமாக உள்ள அளவு. இங்கே அதை எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 0.6 மீட்டர் மண் கொட்ட வேண்டும். மேல் அகலம் 7.5 மீட்டர், இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு என்று வைத்தால் 800 மீட்டருக்கு சுமார் 4,200 கன மீட்டர், நம் வழக்கில் ஏறத்தாழ 1,480 யூனிட் மண் வேண்டும். இவ்வளவு நல்ல கிராவலுக்கு எங்கே போவது? ஏரியில்தான் வண்டல் இருக்கிறதே, அதையே எடுத்துக் கொட்டலாம் என்று ஒருவர் சொன்னார். வண்டல் வயலுக்கு உரம். சாலைக்கு அடியில் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண். அதன்மேல் எதைக் கட்டினாலும் இறங்கும். இதைவிடப் பெரிய தடை ஊருக்குள் இருக்கும் 250 மீட்டர். அங்கே சாலையை ஒரு சாண் உயர்த்தினாலும் தெருத் தண்ணீர் வீட்டு வாசல்படியைத் தாண்டி உள்ளே போகும். முன்பே மூன்று முறை தார் ஏறியதில் பல வீடுகளின் திண்ணை சாலை மட்டத்துக்கு வந்துவிட்டது. சாலையைக் காப்பாற்றப் போய் வீடுகளை நனைக்கும் வழியை எவ்வளவு மிச்சமானாலும் பரிந்துரைக்க என் மனம் ஒப்பாது.

சிமெண்ட் சாலையை ஊர் மக்கள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. தாரைப் போலத் தண்ணீரில் உரியாது. ஊராட்சிச் சாலைகளுக்கான ஐஆர்சி (இந்திய சாலை காங்கிரஸ்) வழிகாட்டுதலின்படி குறைந்தது 150 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால், சுமையை அகலமாகப் பரப்பி அடிமண்ணுக்கு மெதுவாக இறக்கும். ஆனால் சிமெண்ட் சாலைக்குத் தண்ணீர் ஆகாது என்ற உண்மையைப் பலர் அறிவதில்லை. மூன்று மீட்டர், நான்கு மீட்டருக்கு ஓர் இணைப்பு விட்டாக வேண்டும். அந்த இணைப்பில் தண்ணீர் இறங்கும். அடியில் கரையக்கூடிய மண் இருந்து, மேலே கனமான வண்டி திரும்பத் திரும்ப ஓடினால், இணைப்பின் ஓரத்தில் மண் பீய்ச்சி வெளியேறும். தண்ணீர், மண், சுமை மூன்றும் சேரும்போது பலகையின் மூலை அந்தரத்தில் நிற்கிறது. ஒரு நாள் முறிகிறது. தார் சாலைக் குழியை ஒரு நாளில் அடைத்துவிடலாம். முறிந்த சிமெண்ட் பலகையை வெட்டி எடுத்து மாற்றுவது அவ்வளவு எளிதன்று. ஆகவே வடிகால் இல்லாத இடத்தில் சிமெண்ட் போடுவது சேதத்தைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது.

அடித்தளத்தையே சிமெண்ட் கலந்து இறுக்கிவிடும் முறையும் இப்போது பரவுகிறது. ஏழு நாளில் 4.5 முதல் 7 மெகாபாஸ்கல் பலம் வரும்படி ஜல்லியோடு சிமெண்ட் கலந்தால், ஈரத்தில் நெகிழாத ஒரு பலகை கிடைக்கிறது. அது உலரும்போது விடும் வெடிப்பு தாரின் மேற்பரப்புக்கு வந்துவிடும் என்பதால், இரண்டுக்கும் நடுவே வெடிப்பைத் தடுக்கும் ஓர் அடுக்கை ஐஆர்சியின் 37-ஆம் எண் வழிகாட்டுதல் கேட்கிறது. பெரிய நெடுஞ்சாலையில், கலவை ஆலையும் தரக் கட்டுப்பாடும் பக்கத்திலேயே இருக்கும்போது இது சிறந்த முறை. 800 மீட்டர் ஊராட்சிச் சாலையில், கலந்த சில மணி நேரத்துக்குள் இறுக்கி, ஏழு நாள் ஈரம் காத்து, வண்டி விடாமல் நிறுத்தி வைப்பது நடக்குமா என்பதை நடந்த பணிகளைப் பார்த்தவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நான் முன்வைக்கும் வழி இவற்றைவிடப் பழையது: நீர் வடியும் ஜல்லி அடுக்கைப் போட்டு, அதைப் பெர்மின் அடியில் நீட்டி, சரிவின் ஓரத்தில் வெளியே தெரியும்படி விட்டுவிடுவது. இந்த அடுக்கைத்தான் களத்தில் ஜிஎஸ்பி என்கிறோம். ஏறக்குறைய எல்லா மதிப்பீட்டிலும் அது இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் கெடுகிறது. இந்தச் சாலையில் கெட்டதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

முதலாவது, தூசு. கிரஷரில் இருந்து வரும் ஜிஎஸ்பியில் தூசு கூடுதலாக இருந்தால் ரோலர் ஓட்டும்போது நன்றாக இறுகும். அடர்த்திச் சோதனையும் எளிதில் தேறும். ஒப்பந்ததாரருக்கும் நிம்மதி, சோதிக்க வருபவருக்கும் நிம்மதி. ஆனால் அந்தத் தூசுதான் தண்ணீர் ஓடும் வழிகளை அடைக்கிறது. எவ்வளவு அடைக்கிறது என்பதை மண்ணுக்குள் நீர் ஓடும் வேகத்தைப் பற்றி 1856-இல் ஹென்றி டார்சி வகுத்த விதியைக் கொண்டு யாரும் கணக்கிடலாம். செம்மண் சேர்ந்து இறுகிய ஜல்லியில் நீர் ஊடுருவும் அளவை நாளொன்றுக்கு ஒரு மீட்டர் என்றும், வடியக்கூடிய துளைவெளியைப் பத்து சதவீதம் என்றும் கொள்வோம். சாலையின் குறுக்குச் சரிவு 2.5 சதவீதம். அப்படியானால் தண்ணீர் ஒரு நாளில் கால் மீட்டர்தான் நகரும். ஏரிப் பக்க ஓரத்திலிருந்து வயல் பக்கச் சரிவு வரை 5.6 மீட்டர் கடக்க 22 நாள் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். தூசு நீக்கிய ஜல்லியில் ஊடுருவும் அளவு நாளுக்கு 300 மீட்டர். வடிவமைப்பாளர்கள் வடிகால் அடுக்குக்கு எதிர்பார்ப்பது இந்த அளவைத்தான். துளைவெளியை இருபது சதவீதம் என்று வைத்தாலும் அதே தூரத்தைத் தண்ணீர் நான்கு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். இரண்டும் ஒரே குவாரிக் கல். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு சல்லடையில் இருக்கிறது. 75 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் தூசு ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத தரவரிசையை மதிப்பீட்டிலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வாய். சாலை அகலத்துக்கு மட்டும் பெட்டி வெட்டி, அதற்குள் ஜல்லியை நிரப்பி, இரு பக்கமும் களிமண் பெர்மால் அடைத்துவிட்டால் அது நீண்ட ஒரு தொட்டி. நன்றாக நீர் வடியும் ஜல்லியைப் போட்டு வாயை அடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தூசு கலந்த அடுக்கைவிட அது அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜிஎஸ்பி போட்டாயிற்று, ஆகவே வடிகால் இருக்கிறது என்று ஏட்டில் எழுதிவிட்டு, ஓரத்தில் பெர்ம் மண்ணை வெட்டிப் பார்க்காமல் போன பணிகள் எத்தனையோ. வாய் இல்லாத வடிகால் அடுக்கு, அடுக்கே இல்லாததைவிடக் கெடுதல்.

வாயைத் திறக்க இங்கே எவ்வளவு ஜல்லி வேண்டும்? சாலை முழுவதையும் வயல் பக்கம் ஒரே சரிவாகத் திருப்பிவிட்டால் ஒரு பக்கம் நீட்டினால் போதும். கரையை ஒட்டிய 450 மீட்டருக்கு, 1.875 மீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் கனம் என்றால், இறுகிய அளவில் 127 கன மீட்டர், ஏறத்தாழ 45 யூனிட். மண் கொட்டி உயர்த்துவதற்கான 1,480 யூனிட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் இயலாதென்றால் ஐந்து முதல் பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பெர்மைக் குறுக்கே வெட்டி, ஜல்லி நிரப்பிய வாய்க்கால்களாக விடலாம். முழு நீட்டிப்பின் பலன் வராது. ஆனால் ஏற்கெனவே போட்டுக் கிடக்கும் சாலைக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

அடியில் களிமண் இருப்பதால் ஒரு பாதுகாப்பும் சேர்த்தாக வேண்டும். திறந்த ஜல்லியை நேராகக் களிமண்மேல் கொட்டினால் சில மழைக்குள் களிமண் மேலேறி இடைவெளிகளை அடைத்துவிடும். நடுவில் வடிகட்டியாக ஓர் அடுக்கு தேவை. மணல் போடுவதானால் அந்த மணலின் பொடிப் பகுதி அடிமண்ணின் பருமனான துகளைப்போல் நான்கைந்து மடங்குக்கு மேல் பருமனாக இருக்கக்கூடாது என்று மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகி வகுத்த அளவு இருக்கிறது. பாலாற்று மணலை இன்று நினைக்கவே வேண்டாம். அது ஆற்றிலேயே இருக்கட்டும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பயன்படுத்தலாம், தூசைக் கழுவியிருக்க வேண்டும். ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பது இவ்வளவு சிறிய பணிக்கு எளிது. ஒன்றன்மேல் ஒன்று ஓரடியாவது ஏறும்படி விரித்து, வெயிலில் நாள்கணக்கில் கிடக்க விடாமல் உடனே ஜல்லியால் மூட வேண்டும்.

ஏரிக் கசிவு இன்னும் மீதமிருக்கிறது. வடிகால் அடுக்கு உள்ளே வந்த நீரை வெளியேற்றும். இடைவிடாமல் வரும் கசிவை வரும் வழியிலேயே மறிப்பது நல்லது. அதற்கு ஏரிப் பக்கப் பெர்மில், சாலைக்கு இணையாக, வடிகால் அடுக்கின் அடிமட்டத்தைவிட ஓரடி ஆழமாக ஒரு பள்ளம் எடுத்து, துணி விரித்து, 20 முதல் 40 மில்லிமீட்டர் கழுவிய ஜல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் வைத்து, இருக்கும் சிறுபாலத்தின் வழியாக வயல் வாய்க்காலில் விட வேண்டும். இந்த நீர் வயலுக்குப் போவதை விவசாயிகள் வரவேற்றார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கரையின் அடிவாரத்தைத் தோண்டக்கூடாது. கசிவு வரும் இடத்தில் ஆழமாக வெட்டினால், நீர் மண்ணை அரித்துக்கொண்டு குழாய்போல் வழி பிடித்துக் கரையே உடையலாம். பள்ளம் சாலை ஓரத்திலேயே இருக்க வேண்டும். நீர்வளத் துறையின் ஒப்புதலும் பார்வையும் இல்லாமல் மண்வெட்டியை வைக்கவே கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் கரையின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப் பார்த்தால் 800 மீட்டருக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. ஊருக்குள் 250 மீட்டருக்கு ஊர் கேட்கும் சிமெண்ட் சாலையே சரி. அங்கே பெர்ம் இல்லை, ஜல்லியை நீட்ட இடமில்லை. பழைய தார் அடுக்குகளைப் பெயர்த்தெடுத்துப் பழைய மட்டத்துக்கு இறக்கி, துணியின்மேல் வடிகால் அடுக்கு போட்டு, அதன் நீர் தெருச் சாக்கடைக்கு வெளியே ஓரக்குழாய் வழியாகப் போகுமாறு செய்தபின் போட வேண்டும். சாக்கடையில் நேராகத் திறந்துவிட்டால் சாக்கடை நிரம்பும் நாளில் அது சாலைக்குள் திரும்பி வரும். குடிநீர்க் குழாய்க் கசிவுகளை முன்னதாகவே சரிசெய்துவிட வேண்டும். பேவர் பிளாக் போடலாமே என்று கேட்டார்கள். கற்களுக்கு இடையிலும் அடியிலும் மணல் இருப்பதால் மழை நேராக உள்ளே இறங்கும்; கரும்பு டிராக்டர் போகும் வழிக்கு அது வேண்டாம். நடுவில் 450 மீட்டருக்கு, மேலே சொன்னபடி நீட்டிய வடிகால் அடுக்கும் மறிப்புப் பள்ளமும் அமைத்து, அதன்மேல் வெட் மிக்ஸும் (தண்ணீர் கலந்து இறுக்கும் ஜல்லிக் கலவை) தாரும் போட வேண்டும். ஏரி நிரம்பி வழியும் கலங்கல் ஓடை குறுக்கிடும் கடைசி 100 மீட்டரில் சாலைக்கு மேலேயே நீர் ஓடும் நாட்கள் உண்டு என்பதால், அங்கே குழாய் வைத்த சிமெண்ட் தரைப்பாலம் தவிர வேறெதுவும் நிற்காது.

பணியை ஏரி வற்றிய பங்குனி, சித்திரையில் தொடங்க வேண்டும். ரோலர் போன பிறகு, தார் போடுவதற்கு முன், ஒரு டேங்கர் தண்ணீரை ஏரிப் பக்க ஓரத்தில் ஜல்லிமேல் விட்டு, வயல் பக்கச் சரிவில் அது எத்தனை மணி நேரத்தில் எட்டிப் பார்க்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்னிலையில் பார்க்கலாம். அன்று மாலைக்குள் வரவில்லை என்றால் தார் போட அனுமதிக்கக் கூடாது. வந்தால், நீர் வெளியேறும் இடங்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளையடித்த கல் ஒன்றை நட்டு வைக்க வேண்டும். வரப்பு அண்டை வெட்டுகிறவரும் பெர்மில் மண் கொட்டுகிறவரும் அந்த வாயை மூடாமல் இருப்பதற்கும், ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்பும் புல் செதுக்கி அதைத் திறந்து வைப்பதற்கும் அந்தக் கல் அடையாளமாக நிற்கும்.